மூச்சை எண்ணப் பழகுவோம்



வரம்பில் நின்றபடியே பயிரின் நிலையைச் சொல்லக் கூடியவர்கள் எமது விவசாயிகள். இலையின் நிறம் வெளிறினால் ஒரு குறை, தூரின் அடியில் தத்தி கூடினால் இன்னொரு குறை. இந்த அறிவைப் புத்தகம் தரவில்லை. பார்த்தும், தொட்டும், கேட்டும், ஆண்டாண்டாகப் பழகிப் பெற்றது. நோயாளியின் நெஞ்சையும் இவ்வாறே அறியலாம். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் தாதிப் பயிற்சிக்குச் செல்லும் எமது பிள்ளைகளுக்கு முதலாண்டிலேயே இந்தப் பாடம் சொல்லித் தரப்படுகிறது. அதே பாடத்தை, தற்காலிகக் கொட்டில்களிலும் உறவினர் வீட்டு விறாந்தைகளிலும் வாழும் குடும்பங்கள் பயன்படுத்தும் முறையில் இங்கே தருகிறோம்.

எமது கரையோரத்தில் இடப்பெயர்வு புதிய செய்தியல்ல. போரினால் பலமுறை ஊரைவிட்டு ஓடினோம். 2004 டிசெம்பர் 26ஆம் திகதி சுனாமி மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என வரிசையாக எல்லா ஊர்களையும் தாக்கியது. இலங்கையில் அதிக உயிரிழப்பு அம்பாறை மாவட்டத்திலேயே ஏற்பட்டது. 2011 ஜனவரியிலும் 2024 நவம்பரிலும் வெள்ளம் மக்களைப் பாடசாலைகளுக்கும் பொதுக் கட்டடங்களுக்கும் அனுப்பியது. காரணங்கள் வேறுபட்டாலும் தங்குமிடம் ஒன்றுபோலவே அமைகிறது: நெருக்கமான படுக்கை, ஈரத்தரை, காற்றோட்டமில்லாத அறை, ஒரே கூரையின் கீழ் விறகடுப்பு. இவை நான்கும் சேருமிடத்தில் முதலில் நோயுறுவது நெஞ்சு. அதிலும் முதலில் நோயுறுவது ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தை.

நடுச்சாமத்தில் குழந்தை இருமும்போது உம்மாவுக்கும் மூத்தம்மாவுக்கும், அம்மாவுக்கும் அம்மம்மாவுக்கும் எழுகின்ற கேள்வி ஒன்றுதான்: “இது வெறும் தடிமனா? விடியும்வரை பார்க்கலாமா? இப்போதே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமா?” இதற்குப் பதில் சொல்லும் ஒரு கருவி எல்லாரிடமும் உண்டு. அது, ஒரு நிமிடம் மூச்சை எண்ணுவது.

1. நெஞ்சுக்குள் இருப்பது என்ன?

சேனாநாயக்க சமுத்திரத்து நீர் பிரதான வாய்க்காலில் புறப்பட்டு, கிளை வாய்க்கால்களாகப் பிரிந்து, கடைசியில் ஒவ்வொரு வரவைக்குள்ளும் பாய்கிறது. காற்றும் அவ்வாறே மூக்கு, தொண்டை வழியாகச் சுவாசக் குழாயில் இறங்குகிறது. அக்குழாய் வலம் இடம் என இரண்டாகப் பிரிந்து, மேலும் மேலும் கிளைத்து, கோடிக்கணக்கான சிறு காற்றறைகளில் முடிகிறது. அங்கேதான் இரத்தம் ஒட்சிசனைப் பெற்றுக்கொண்டு காபனீரொட்சைட்டை வெளியே விடுகிறது. வலது நுரையீரலுக்கு மூன்று பகுதிகள், இடதுக்கு இரண்டு. இருதயம் இடப்பக்கம் சாய்ந்து இருப்பதால் அங்கே இடம் சற்றுக் குறைவு. நுரையீரல்களின் அடியில் பிரிமென்றகடு என்னும் தசைத்தட்டு உண்டு. அது கீழே இறங்கும்போது காற்று உள்ளே வருகிறது.

இந்த உவமையை மனதில் வைத்தால் நோய்களும் விளங்கும். வாய்க்கால் ஒடுங்கினால் அது தொய்வு, அதாவது ஆஸ்துமா. வரவைக்குள் வெள்ளம் நின்றால் அது நியூமோனியா. காற்றறைகளில் சளியும் சீழும் நிரம்பிவிடுகின்றன. வயலுக்கு வெளியே தேங்கிய நீர் வயலை நெருக்கினால் அது நுரையீரலைச் சுற்றிய உறையில் நீர் கட்டுவது. தாதி செய்யும் பரிசோதனை எல்லாம் இம்மூன்றில் எது என்பதைக் கண்டுபிடிக்கும் முயற்சியே.

2. முதலில் கேள்வி

கை வைக்கும் முன் காது கொடுக்க வேண்டும் என்று தாதி மாணவருக்குச் சொல்லப்படுகிறது. இருமல் எத்தனை நாள்? சளி உண்டா, அதன் நிறம் என்ன, இரத்தம் கலந்ததா? காய்ச்சல், இரவு வியர்வை, உடல் மெலிவு உண்டா? படுத்தால் மூச்சு முட்டுகிறதா? புகை பிடிப்பவரா? வீட்டில் யாருக்காவது காசநோய் வந்ததா? என்ன தொழில்?

கடைசிக் கேள்வியை விவசாயக் குடும்பங்கள் அலட்சியம் செய்யக் கூடாது. நெல் ஆலைத் தூசியும், சூடடிக்கும் இடத்துத் தூசியும் தொய்வைக் கிளப்பும். பூஞ்சணம் பிடித்த வைக்கோலைக் கிளறியவருக்குச் சில மணி நேரத்தின் பின் காய்ச்சலும் இருமலும் மூச்சுத்திணறலும் வந்து, மறுநாள் குறைந்துவிடலாம். மீண்டும் கிளறினால் மீண்டும் வரும். உலகெங்கும் விவசாயிகளுக்கு வருகின்ற நுரையீரல் நோய் இது. தொழிலைச் சொல்லாவிட்டால் வைத்தியர் இதைச் சாதாரணக் காய்ச்சல் என்றே எண்ணக்கூடும்.

இரண்டு வாரத்திற்கு மேல் நீடிக்கும் இருமலுக்குச் சளிப் பரிசோதனை அவசியம். காசநோய்க்கான பரிசோதனையும் மருந்தும் அரசாங்க மார்பு நோய்ச் சிகிச்சை நிலையங்களில் இலவசம். வழக்கமான சிகிச்சை ஆறு மாதம். இடம் மாறினாலும் மருந்து மாறாமல் தொடர ஒழுங்கு செய்வார்கள். ஆகவே முகாம் மாறும்போது சிகிச்சை அட்டையையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

3. பார்த்தல்

பரிசோதனையின் நான்கு படிகள் பார்த்தல், தொடுதல், தட்டுதல், கேட்டல். இவற்றுள் முதலாவதே எமக்கு மிகவும் பயன்படுவது.

குழந்தையை அமைதியாகத் தாயின் மடியில் வையுங்கள். அழும்போதும் பால் குடிக்கும்போதும் எண்ணக் கூடாது. சட்டையை மேலே தூக்கி, நெஞ்சும் வயிறும் தெரியும்படி விளக்கைப் பிடியுங்கள். வயிறு ஒருமுறை எழுந்து தாழ்வது ஒரு மூச்சு. மணிக்கூட்டையோ கைத்தொலைபேசியையோ வைத்து முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். பதினைந்து செக்கன் எண்ணி நான்கால் பெருக்க வேண்டாம். சிறு குழந்தைகளின் மூச்சு ஒரே சீராக இருப்பதில்லை. வேகம் என்று கருத வேண்டிய எண்கள் இவை:

இரண்டு மாதத்திற்குக் குறைந்த சிசு: நிமிடத்திற்கு 60 அல்லது அதற்கு மேல் (மறுபடியும் எண்ணி உறுதி செய்க).
2 மாதம் முதல் 12 மாதத்திற்குள்: 50 அல்லது அதற்கு மேல்.
1 வயது முதல் 5 வயதிற்குள்: 40 அல்லது அதற்கு மேல்.
ஓய்வாக இருக்கும் வளர்ந்தவருக்கு 12 முதல் 20 வரை இயல்பு.

இருமலோடு வந்த குழந்தையிடம் இந்த வேகம் காணப்பட்டால் நியூமோனியா என்று சந்தேகித்து அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்ல வேண்டும். இரண்டு மாதத்திற்குக் குறைந்த சிசுவானால் ஒரு மணி நேரமும் தாமதிக்கக் கூடாது.

இந்த எண்கள் பிறந்த கதையை நாம் அறிவது நல்லது. பப்புவா நியூகினி நாட்டின் மலைக் கிராமங்களில் எக்ஸ்ரே இயந்திரமும் இல்லை, போதிய வைத்தியர்களும் இல்லை. நியூமோனியாவினால் குழந்தைகள் இறந்துகொண்டிருந்தார்கள். பிராங்க் ஷான் என்னும் வைத்தியரும் அவருடைய தோழர்களும், எந்த வெளி அடையாளம் நியூமோனியாவை நம்பகமாகக் காட்டுகிறது என்று ஆராய்ந்து 1984இல் வெளியிட்டார்கள். மூச்சின் வேகமே அந்த அடையாளம். உலக சுகாதார நிறுவனம் இவ்வழியை ஏற்று, வயதுக்கேற்ற எண்களை வகுத்து, கிராம சுகாதாரத் தொண்டர்களுக்குக் கற்பித்தது. வசதியற்ற மக்களின் தேவையிலிருந்து பிறந்த அறிவு இது. ஆகவே அது எமக்கும் உரியது.

எண்ணி முடிந்ததும் மேலும் சிலவற்றைக் கவனியுங்கள். மூச்சை உள்ளே இழுக்கும்போது நெஞ்சின் கீழ்ப்பகுதி வெளியே விரிவதற்குப் பதிலாக உள்ளே குழிகிறதா? மூக்குத் துவாரங்கள் விரிகின்றனவா? மூச்சோடு முனகல் கேட்கிறதா? உதடும் நாக்கும் நீலம் பாய்ந்துள்ளனவா? கருமையான தோலில் நீலம் எளிதில் தெரியாது; நாக்கையும் உதட்டின் உட்புறத்தையும் பாருங்கள். வளர்ந்தவரானால், ஒரு வசனத்தை ஒரே மூச்சில் சொல்ல முடிகிறதா? கைகளை முன்னே ஊன்றிக் குனிந்துதான் இருக்க முடிகிறதா? இவை நெஞ்சு களைத்துப் போனதன் அடையாளங்கள்.

4. தொடுதல்

இதனைத் தாதி செய்வார். ஏன் செய்கிறார் என்பதை நாம் அறிந்திருப்போம். கழுத்தின் அடியில் விரலை வைத்துச் சுவாசக் குழாய் நடுவில் உள்ளதா என்று பார்ப்பார். அது ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தால் உள்ளே ஏதோ அதைத் தள்ளுகிறது, அல்லது இழுக்கிறது. பின்பு முதுகில் இரு கைகளையும் விரித்து வைத்து, பெருவிரல்கள் நடுவில் சந்திக்கும்படி செய்து, ஆழமாக மூச்செடுக்கச் சொல்வார். பெருவிரல்கள் இரண்டும் ஒரே அளவில் விலக வேண்டும். ஒரு பக்கம் அசையாதிருந்தால் அந்தப் பக்கமே நோய் இருக்கக் கூடும். ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்து, அதன் அதிர்வைக் கையால் உணர்வார். காற்றறை நிரம்பிக் கட்டியான இடத்தில் அதிர்வு கூடும். வெளியே நீர் கட்டிய இடத்தில் குறையும்.

5. தட்டுதல்

தேங்காயைத் தட்டி முற்றலைச் சொல்பவர்களுக்கும் பலாப்பழத்தைத் தட்டிப் பழுத்ததைச் சொல்பவர்களுக்கும் இந்த வித்தை புதிதல்ல. ஒஸ்திரியாவில் ஒரு சத்திரக்காரரின் மகனாகப் பிறந்தவர் லெயோபோல்ட் ஔவன்புருகர். பீப்பாய்களைத் தட்டி உள்ளே திரவம் எதுவரை உள்ளது என்று அறிவது சத்திரங்களில் வழக்கம். வைத்தியரான பின் அவர் அதே முறையை மனித நெஞ்சில் பரீட்சித்து 1761இல் நூலாக வெளியிட்டார். அவர் காலத்து வைத்தியர்களில் அநேகர் அதைக் கவனிக்கவில்லை. இன்று எல்லா மருத்துவக் கல்லூரிகளிலும் அது பாடம்.

ஒரு கையின் நடுவிரலை நெஞ்சில் பதித்து, மற்றக் கையின் நடுவிரல் நுனியால் அதன் மேல் தட்டுவார்கள். காற்று நிறைந்த இடம் முழங்கும். சளி கட்டிய இடம் மந்தமாக ஒலிக்கும். நீர் கட்டிய இடம் கல்லைத் தட்டியது போல் இருக்கும். ஒரு பக்கத்தைத் தட்டினால் மறுபக்கத்தில் அதே இடத்தையும் தட்டி ஒப்பிட வேண்டும். அயல் வயலோடு ஒப்பிடாமல் பயிரைப் பற்றிச் சொல்ல முடியாதல்லவா?

6. கேட்டல்

1816இல் பாரிஸ் நகரில் ரெனே லெனெக் என்னும் வைத்தியரிடம் இருதய நோயுள்ள ஓர் இளம்பெண் வந்தார். அக்காலத்தில் நோயாளியின் நெஞ்சில் நேரடியாகக் காதை வைத்தே கேட்பார்கள். அப்பெண்ணிடம் அவ்வாறு செய்வது முறையல்ல என்று லெனெக் கருதினார். காகிதத்தைக் குழலாகச் சுருட்டி ஒரு முனையை நெஞ்சிலும் மறுமுனையைத் தம் காதிலும் வைத்தார். காதை வைத்துக் கேட்டதைவிட ஒலி தெளிவாகக் கேட்டது. ஸ்டெதஸ்கோப் இவ்வாறே பிறந்தது. ஒரு பெண்ணின் மானத்தைக் காக்க எடுத்த முயற்சி முழு மருத்துவ உலகுக்கும் நன்மையாயிற்று. இந்தக் கருவியால் நெஞ்சு நோய்களை வகைப்படுத்திய லெனெக், 1826இல் காசநோயினாலேயே இறந்தார்.

கல்முனைப் பகுதியில் பணிக்கு வரும் தாதி மாணவர் இந்த வரலாற்றை மறக்கக் கூடாது. நெஞ்சைப் பரிசோதிக்க ஆடையை விலக்க வேண்டியுள்ளது. தங்குமிடத்தில் கதவு இல்லை, அயலவர் பார்க்கிறார்கள். ஒரு சேலையையோ படங்கையோ கட்டி மறைவு செய்வது, முன்கூட்டியே அனுமதி கேட்பது, பெண்ணுக்குப் பெண் தாதியை அழைப்பது, துணைக்கு உறவினர் ஒருவரை இருக்க விடுவது, தேவையான இடத்தை மட்டும் திறப்பது, கையை உரசிச் சூடாக்கிக்கொண்டு தொடுவது: இவை பாடத்திற்கு வெளியே உள்ள மரியாதைகள் அல்ல, பாடத்தின் பகுதியே. வெட்கத்தினால் மூச்சை அடக்கிக்கொண்டிருப்பவரின் மூச்சை யாராலும் சரியாக எண்ண முடியாது.

தாதி ஸ்டெதஸ்கோப்பைத் துணியின் மேல் வைக்காமல் தோலின் மேல் வைத்து, முன்னும் பின்னும் இரு பக்கமும் மாறி மாறிக் கேட்பார். மூச்சு வெளியே போகும்போது விசில் போன்ற ஒலி கேட்டால் வாய்க்கால் ஒடுங்கியிருக்கிறது. உப்பைத் தாச்சியில் போட்டதுபோல் படபடவெனக் கேட்டால் காற்றறைகளில் நீரோ சளியோ உண்டு. உள்ளே இழுக்கும்போது காதால் கேட்கக்கூடிய கரகரத்த ஒலி வந்தால் மேல் குழாயில் அடைப்பு, அது ஆபத்தானது. எல்லாவற்றிலும் ஆபத்தானது மௌனம். கடும் தொய்வுள்ளவரின் இழுப்புச் சத்தம் திடீரென நின்று அவர் சோர்ந்து போனால், குணமாகிவிட்டது என்று ஆறுதலடைய வேண்டாம். காற்றே போகவில்லை என்பதே அதன் பொருள்.

2020இல் கொவிட் பரவிய பின், விரலில் மாட்டி ஒட்சிசனை அளக்கும் சிறு கருவியைப் பலரும் அறிந்துள்ளார்கள். அது பயனுள்ளது. ஆயினும் விரல் குளிர்ந்திருந்தாலும், மருதாணி போட்டிருந்தாலும், தோல் கருமையாக இருந்தாலும் எண் பிழைக்கலாம். கருவி நல்ல எண்ணைக் காட்டினாலும் மூச்சு வேகமாக இருந்தால் மூச்சையே நம்புங்கள்.

7. எப்போது உடனே புறப்பட வேண்டும்?

பின்வருவனவற்றில் ஒன்று இருந்தாலும் விடியும்வரை காத்திருக்க வேண்டாம்: நெஞ்சுக் குழிவு, நீலம் பாய்தல், அமைதியாக இருக்கும்போதும் கரகரத்த ஒலி, பால் குடிக்கவோ நீர் அருந்தவோ முடியாமை, குடித்த அனைத்தையும் வாந்தி எடுத்தல், வலிப்பு, எழுப்ப முடியாத சோர்வு. பூச்சிநாசினி பட்டவருக்கு எச்சில் வழிந்து, கண்மணி சுருங்கி, மூச்சு இழுத்தால் ஆடையைக் களைந்து உடலைச் சவர்க்காரமிட்டுக் கழுவியவாறே வாகனத்தை அழையுங்கள். நஞ்சைக் குடித்தவரை வாந்தி எடுக்க வைக்க வேண்டாம். 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். கல்முனையில் அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையும் வடக்கு ஆதார வைத்தியசாலையும் உள்ளன. எது அருகிலோ அதற்குச் செல்லுங்கள். இரவில் ஊர் எல்லையைப் பார்ப்பதற்கு நேரமில்லை.

அபாய அடையாளம் ஒன்றும் இல்லாமல் வெறும் தடிமனாக இருந்தால் தாய்ப்பாலை நிறுத்தாமல் அடிக்கடி கொடுங்கள். உடலைச் சூடாக வைத்திருங்கள். சில மணிக்கு ஒருமுறை மூச்சை எண்ணுங்கள். மிஞ்சிய மருந்தை இன்னொரு பிள்ளைக்குக் கொடுக்க வேண்டாம். கற்பூரம், மெந்தோல் சேர்ந்த தைலங்களைக் கைக்குழந்தையின் மூக்கில் தடவ வேண்டாம். அடுப்பைப் படுக்கும் இடத்திலிருந்து விலக்கி, முடிந்தால் வெளியே தாழ்வாரத்தில் வையுங்கள். நுளம்புச் சுருளைத் தவிர்த்து வலையைக் கட்டுங்கள். 2, 4, 6 மாதங்களில் போடும் தடுப்பூசிகள் தவறியிருந்தால் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள், தாமதமானாலும் போடலாம்.

8. எழுதிக் கொண்டு செல்லுங்கள்

ஓடி வந்தவர்கள் பிள்ளையின் வளர்ச்சிப் பதிவேட்டையும் கிளினிக் கொப்பியையும் பெரும்பாலும் இழந்துவிடுகிறார்கள். வைத்தியசாலையில் “எத்தனை நாளாக?” என்று கேட்டால் பதற்றத்தில் பதில் வருவதில்லை. “முகாம் ஆட்கள்” என்று ஒதுக்கிவிடுவார்களோ என்ற அச்சமும் உண்டு. ஒரு துண்டுக் கடதாசியில் இவ்வாறு எழுதிக் கொண்டு செல்லுங்கள்: “வயது 9 மாதம். இரவு 10 மணி: 44. இரவு 1 மணி: 52. இரவு 2 மணி: 58, நெஞ்சு குழிகிறது.” இதைப் பார்க்கும் தாதிக்கு, பிள்ளை எந்தத் திசையில் போகிறது என்பது ஒரு நொடியில் விளங்கும். நிலமும் வீடும் பத்திரமும் போனாலும் கவனித்துச் சொல்லும் ஆற்றல் எம்மை விட்டுப் போகவில்லை. நேரத்தோடு எழுதிய எண்ணை யாரும் இலேசில் தட்டிக்கழிக்க முடியாது.

மண்ணினால் உருவாக்கப்பட்ட மனிதனுக்குள் இறைவன் தம் மூச்சை ஊதினார் என்பது கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் பகிர்ந்துகொள்ளும் நம்பிக்கை. மண்ணை இழந்து நிற்கும் குடும்பத்திடம் அந்த மூச்சு இன்னமும் இருக்கிறது. அதைக் காவல் செய்வது எம் எல்லாருடைய கடமை.

குழுவாகக் கூடிச் செய்வதற்கு

1. இருவர் இருவராக அமர்ந்து ஒருவர் மூச்சை மற்றவர் ஒரு நிமிடம் எண்ணுங்கள். எண்ணுவதை முன்கூட்டிச் சொன்னால் எண் மாறுகிறதா?
2. உங்கள் தங்குமிடத்தில் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் எத்தனை பேர்? தடுப்பூசி தவறியவர்கள் யார்?
3. அடுப்புப் புகை எந்தப் பக்கம் போகிறது? அதை மாற்ற இந்த வாரத்தில் நாம் செய்யக் கூடியது என்ன?
4. இரவில் வாகனம் உள்ளவர் யார்? கைத்தொலைபேசி உள்ளவர் யார்? அவர்களின் பெயரைச் சுவரில் எழுதி வைப்போமா?